பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

நுழையும்முன்

அறிவியலை எளிமையாக எடுத்துரைக்கும் நூல்களையும் வாழ்வில் முன்னேற வழிகாட்டும் நூல்களையும் இளைஞர் பலர் விரும்பிப் படிக்கின்றனர். முதல்வகை நூல்கள் உலகம் இயங்கும் முறையை விளக்குகின்றன. இரண்டாம்வகை நூல்கள் அவ்வுலகில் ஒருவர் இயங்க வேண்டிய முறையைக் கூறுகின்றன. இவற்றைப் படிப்பது எளிது; படித்ததைச் சோதித்து ஏற்பது கடினம். அக்கடினமான பணியைப் பற்றியது இப்பாடம்.

களிமண் காட்டும் உண்மை

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் சேத்தியாத்தோப்பு. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள், கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என வேளாண்மையைச் சார்ந்து வாழும் ஊர் இது. மேற்கே சென்றால் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம். வடக்கே சென்றால் நெய்வேலிச் சுரங்கம். அச்சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்துத் தொழிற்கூடங்களில் அகல்விளக்குகளும் பொம்மைகளும் மின்காப்புப் பொருள்களும் உருவாகின்றன.

களிமண்ணால் வனைந்த அகலை நிழலில் உலர்த்தினால் அது கெட்டியாகிவிட்டதாகத் தோன்றும். நீரில் இட்டால் குழைந்து மீண்டும் களிமண்ணாகிவிடும். சூளையில் சுட்ட அகலோ குழைவதில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? உலர்த்தும்போது மண் துகள்களுக்கு இடையில் உள்ள நீர் மட்டுமே வெளியேறுகிறது. சூளையின் வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியசை அடையும்போது, களிமண்ணின் படிக அமைப்போடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அம்மண் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 1,000 டிகிரிக்கு மேல் புதிய படிகங்கள் தோன்றுகின்றன. மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோலாகித் துகள்களை இறுகப் பிணைக்கிறது.

நல்ல அறிவியல் நூல் செய்யும் முதற்பணி இதுவே. நாள்தோறும் கண்ட பொருளை, காரணம் அறிந்து காணச் செய்கிறது.

தமிழில் வளர்ந்த இருவகை நூல்கள்

அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்பதை மெய்ப்பித்தவர்கள் பலர். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிரீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 20ஆம் நூற்றாண்டில், வழக்கறிஞரான பெ.நா. அப்புசாமி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் கட்டுரைகளையும் நூல்களையும் எழுதினார். மின்சாரம், வானொலி, அணு எனப் புதியனவற்றையெல்லாம் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளும் தமிழில் அவர் விளக்கினார். சுஜாதாவின் ‘ஏன் எதற்கு எப்படி’ கேள்வி பதில்கள் வாசகரின் ஐயங்களையே அறிவியலின் வாயிலாக மாற்றின. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1987 முதல் சிறுவர்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்கிறது.

முன்னேற்ற நூல்களுக்கும் தமிழில் தனி வரலாறு உண்டு. தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம் எழுதிய ‘வாழ்க்கையில் வெற்றி’ இவ்வகைக்கு முன்னோடி. அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் விளங்கிய எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ ஒரு தலைமுறை இளைஞர்க்குத் தன்னம்பிக்கை ஊட்டியது. பின்தங்கிய சூழலில் வளர்ந்தோர்க்கு ‘உன்னால் இயலும்’ என்னும் ஒரு சொல்லே பெருந்துணையாக அமைவதுண்டு. அச்சொல்லின் மதிப்பைக் குறைத்து எண்ணுதல் தகாது. எனினும், ஊக்கமூட்டும் சொல் அனைத்தும் உண்மையான சொல் ஆகிவிடாது.

இருபத்தொரு நாள்

‘ஒரு செயலை 21 நாள் தொடர்ந்து செய்தால் அது பழக்கமாகிவிடும்’ என்னும் கூற்று முன்னேற்ற நூல்கள் பலவற்றில் காணப்படுவது. இதன் வேரைத் தேடினால் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூலுக்குச் செல்லலாம். ஒட்டறுவை மருத்துவரான அவர், முகத்தோற்றம் மாறியவர்கள் அப்புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கண்டு எழுதினார். அது மருத்துவர் ஒருவர் தம் நோயாளிகளிடம் கண்டது. பழக்கங்களை அளந்து செய்த ஆய்வன்று. நூலுக்கு நூல் கைமாறியபோது ‘குறைந்தது’ என்னும் சொல் உதிர்ந்தது. முகத்தைப் பற்றிய குறிப்பு, எல்லாப் பழக்கங்களுக்கும் உரிய விதியாயிற்று.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர்தம் குழுவினரும் 96 பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். உண்ணுதல், பருகுதல், உடற்பயிற்சி ஆகியவை சார்ந்த ஒரு புதிய செயலை ஒவ்வொருவரும் 12 வாரம் செய்துவந்தனர். அச்செயல் இயல்பாக நிகழும் நிலையை அடைய ஆகும் காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். சிலர்க்கு 18 நாள் போதுமானதாயிற்று. சிலர்க்கு 254 நாள்வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறினாலும் பழக்கம் உருவாவது பெரிதும் தடைப்படுவதில்லை என்பதும் தெரியவந்தது.

இவ்வேறுபாடு சிறிதன்று. அதிகாலையில் எழுந்து படிக்க முயலும் மாணவர் ஒருவர், 22ஆம் நாளும் அது கடினமாக இருக்கக் கண்டால் ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று முயற்சியைக் கைவிடக்கூடும். பிழை அவரிடம் இல்லை. அவர் நம்பிய எண்ணில் உள்ளது.

காத்திருத்தலும் வறுமையும்

1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்னும் உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மழலையர் பள்ளிக் குழந்தையின் முன் இனிப்பு ஒன்று வைக்கப்படும். உடனே உண்ணலாம்; சிறிதுநேரம் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகளுட் பலர் பிற்காலத் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதாகப் பின்னர் அறியப்பட்டது. ‘தன்னடக்கமே வெற்றியின் திறவுகோல்’ என முன்னேற்ற நூல்கள் இதனைப் பரப்பின.

ஆயின், அக்குழந்தைகளுட் பெரும்பாலோர் பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்த குடும்பத்தினர். 2018இல் டைலர் வாட்சும் குழுவினரும், பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்விக்கும் இடையிலான தொடர்பு, முன்பு கண்டதைவிடக் குறைவாகவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் கொண்டபோது அது மேலும் பெரிதும் சுருங்கியது.

இதனைக் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளியின் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். நாளை கிடைக்கும் என்பது உறுதியில்லாத இடத்தில், இன்று கிடைத்ததை இன்றே உண்பது அடக்கமின்மை அன்று. அனுபவம் தந்த அறிவு. ‘முயன்றால் எவரும் வெல்லலாம்’ என்னும் தொடரைத் திருப்பிப் போட்டு, ‘வெல்லாதவர் முயலாதவர்’ என முடிவுகட்டுவது அறமன்று, அறிவியலுமன்று.

சோதித்து ஏற்றல்

அவ்வாறாயின் இந்நூல்களை ஒதுக்கிவிடலாமா? வேண்டியதில்லை. ஒவ்வொரு கூற்றையும் மூன்று வினாக்களால் சுட்டுப் பார்த்தல் போதும். இதனை எவ்வாறு கண்டறிந்தனர்? எவரிடம் ஆராய்ந்தனர்? எனக்கும் பொருந்துமா என்பதை நானே பார்க்க இயலுமா?

இச்சோதனையில் தேறும் கருத்துகளும் உண்டு. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோர் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஒருவாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்தபின் நூலைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினர். திரும்பப் படித்தவர்க்கு ‘தெரிந்துவிட்டது’ என்னும் உணர்வு கிடைத்தது. நினைவுகூர்ந்தவர்க்கு அறிவு நிலைத்தது. இதனைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு பாடமும் ஒரு வெற்றுத்தாளும் ஒருவாரப் பொறுமையும் போதும்.

படித்தவுடன் எழும் மனவெழுச்சி, நிழலில் உலர்ந்த அகலைப் போன்றது. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். முதல் மழையிலேயே குழைந்துவிடும். வினாவிலும் செயலிலும் சுடப்பட்ட கருத்தே விளக்காகும். சூளையில் சில அகல்கள் விரிசல் விடுவதும் உண்டு. அவற்றை அங்கேயே கழித்துவிடுவது, எண்ணெய் ஊற்றியபின் ஒழுகக் காண்பதினும் நன்று.

தெரியுமா?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலை 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், சிற்றூர் மக்களிடம் நூல்களைக் கொண்டுசெல்லும் மாட்டுவண்டி நூலகத்தைக் கனகசபைப் பிள்ளை தொடங்கினார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த முன்னேற்ற நூலிலிருந்து ஒரு கூற்றைத் தேர்ந்தெடுத்து, பாடத்தில் கண்ட மூன்று வினாக்களால் ஆராய்ந்து எழுதுக.

2. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலின் பின்னுள்ள அறிவியலைத் தொழிலாளர் ஒருவரிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் அறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘வெற்றிக்குத் தேவை முயற்சியா? சூழலா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.