கடலைக் கொல்லையா, ராகிக் களமா?

ஓசூர் சிப்காட் பக்கத்து அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளில் பலர் களியைத் தட்டில் பார்த்திருப்பார்கள். கதிரைப் பார்த்திருக்க மாட்டார்கள். தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனாலோ, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஏதோ ஒரு கொல்லையில் அறுவடைதான். பிள்ளையை எந்த அறுவடைக்குக் கூட்டிப்போவது?

முதல் தடவை என்றால் தயங்காமல் கடலைக்காய். மண் ஈரமாக இருக்கும் நாளில், பெரியவர் ஒருவர் செடியை லேசாக நெகிழ்த்திக் கொடுத்தால் போதும். நான்கு வயதுப் பிள்ளையும் கொத்தோடு பிடுங்கிவிடும். கடலை வேரில் காய்க்கிறது என்றே பெரியவர்களும் நம்புகிறார்கள். செடியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு உண்மையைக் காட்டிவிடலாம்: மேலே பூத்த மஞ்சள் பூவிலிருந்து விழுது இறங்கி, மண்ணுக்குள் புகுந்து காயாகிறது. வேரில் ஒட்டியிருக்கும் குட்டி உருண்டைகள் காய்கள் அல்ல. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. பெங்களூரு பசவனகுடியில் கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்களன்று கூடும் கடலைக்காய்ப் பரிஷே என்னும் திருவிழாவுக்கும் ஓசூரிலிருந்து ஒரு நடை போய்வரலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஐந்து வயதுக்குள் முழுப் பருப்பைத் தரக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். சிலருக்குக் கடலை ஒவ்வாமையும் உண்டு.

ராகிக்கு ஆறு வயதாவது ஆகட்டும். விரல்களை உள்ளே மடக்கிய கைபோல இருக்கும் கதிரை அறுப்பது பெரியவர் வேலை, அரிவாள் பிள்ளைக்கு வேண்டாம். கதிர் காய்ந்த பிறகு களத்தில் தடியால் தட்டுவதும், முறத்தில் புடைக்கப் பழகுவதும் பிள்ளைக்கானவை. ஆகவே இரண்டு முறை போக வேண்டும். ஷிப்டுக்குப் போகும் பெற்றோருக்கு அது சிரமம்தான். முடிந்தவர்கள் விடக் கூடாது. காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ராகி ரகங்கள் அந்த ஊர்ப்பெயரையே தாங்குகின்றன என்று சொன்னால், பள்ளிப் பிள்ளை நிமிர்ந்து கேட்கும்.

இந்தப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களும் அழகுதான். முள்ளும் மருந்துத் தெளிப்பும் இருப்பதால் சின்னக் கைகளுக்கு உகந்தவை அல்ல.

எங்கும் போக முடியாத வீட்டுக்கு மார்கழி அவரை இருக்கிறது. உழவர் சந்தையில் காயாகவே வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து உரிக்கலாம். விதையைப் பிள்ளை மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும், பச்சையாகத் தின்னவும் விடக் கூடாது. ராத்திரி ஊறவைத்தால் காலையில் பிதுக்குப்பருப்பு வேலை தொடங்கும். விரலால் அழுத்தியதும் தோலை விட்டுப் பருப்பு துள்ளி விழும். குழம்புக்குப் போதுமானது சேர்ந்த பிறகும் பிள்ளை எழுந்திருக்காது.