ஏ.என்-32: மர்மக் கதையும் நடந்ததும்

கடலுக்குப் போனவர் கரை திரும்பாவிட்டால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று இராஜாக்கமங்கலம் துறையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கடப்புறமே அழுதது. அதனால்தான் இந்திய விமானப்படையின் ஏ.என்-32 சரக்கு விமானம் பற்றி வாட்ஸ்அப்பில் உலவும் மர்மக் கதைகளைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

"வங்கக் கடலில் மாயமாய் மறைந்தது, ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை" என்பது அவற்றில் முதல் கதை. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய அந்த விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். மாதக்கணக்கில் தேடியும் தடயமில்லை என்பது அன்றைக்கு உண்மை. ஆனால் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி ஒன்றைக் கடலுக்குள் இறக்கியது. ஒலியலைகளால் கடல்தரையைத் துழாவி அது எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகள் தெரிந்தன. ஏ.என்-32-இன் பாகங்களோடு அவை பொருந்தின. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல்போனதாகப் பதிவு இல்லை. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகமே இதை அறிவித்தது.

"ரஷ்யா நம் தலையில் கட்டிய பழைய டப்பா" என்பது அடுத்தது. இந்த விமானத்தை வடிவமைத்தது உக்ரைனின் கீவ் நகரிலுள்ள அன்டோனோவ் நிறுவனம். ஏ.என்-26 என்ற முந்தைய விமானத்தை அடிப்படையாகக் கொண்டு, வெயில் கொளுத்தும் சமவெளியிலும் காற்று மெலிந்த மலையிலும் ஏற வேண்டும் என்ற நம் தேவைக்காகவே கிட்டத்தட்ட இரு மடங்கு சக்தியுள்ள எஞ்சின்கள் வைத்தார்கள். விமானத்தின் படத்தைக் கவனித்தால் தெரியும்: எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பெரிய சுழல்விசிறி தரையில் தட்டாது, ஓடுபாதைக் கல்லும் தூசியும் உள்ளே போவதும் குறையும். 1984-இல் படையில் சேர்ந்த இவ்வகை விமானம், 2008 மே 31 அன்று லடாக்கில் 16,600 அடி உயரத்திலுள்ள தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது. அதற்கு முன் 43 ஆண்டுகளாக அங்கே எந்த விமானமும் இறங்கியிருக்கவில்லை.

சரக்கு விமானம் என்பதால் மூட்டை மட்டும் ஏற்றும் என்பதும் தவறு. பாராசூட் வீரர்கள் 42 பேர் ஏறலாம். 2016-இல் காணாமல்போன விமானத்தில் போனவர்களில் படையினரோடு சிவில் ஊழியர்களும் இருந்தார்கள்.

அந்த 29 பேருக்கும் நம்மைப்போல வீடும் உறவும் உண்டு. மர்மக் கதை கைபேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். 2024-இல் கண்டுபிடித்த செய்தியை அனுப்புங்கள்.