வலைத்தளமும் அதன் பராமரிப்பும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



நாம் நாள்தோறும் எத்தனையோ வலைத்தளங்களைப் பார்க்கின்றோம். அவை எங்கே இருக்கின்றன, அவற்றை யார் காத்து வருகின்றனர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? சென்ற ஆண்டு வரை நானும் எண்ணியதில்லை. எங்கள் அத்தைக்கு நேர்ந்த ஒரு நஷ்டமே என்னை எண்ண வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பட்டது. பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி யாவருக்கும் இலவசமாக வழங்குவதே அதன் நோக்கம். அதை முன்னின்று நடத்தியவர்கள் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் ஆவர். கடல் கடந்து வாழ்ந்தும், சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்று நம் மதுரையின் பெயரையே சூட்டினார்கள். பல நாடுகளிலிருந்த தமிழர்கள் ஊதியம் பெறாமல் நூல்களைத் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். இன்று பல நூறு நூல்கள் அதில் உள்ளன.

ஏற்றி வைத்ததோடு வேலை முடியவில்லை. அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துரு நம் கணிப்பொறியில் இல்லையென்றால் திரையில் புரியாத குறிகளே தெரியும். மதுரைத் திட்டம் முன்பு 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தைப் பின்பற்றியது. பின்னர் 'யூனிகோடு' எனப்படும் ஒருங்குறி பரவியதும், பழைய நூல்களையும் அதற்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியதால்தான் இன்று நாம் எழுத்துரு எதையும் தேடாமல், கைப்பேசியிலேயே அவற்றைப் படிக்கிறோம். ஒரு தளத்தைத் தொடங்குவதை விட அதைத் தொடர்ந்து பேணுவதே கடினம் என்பதை இதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கையால் அமைத்தால், நூறு பக்கங்களின் தலைப்பை மாற்ற நூறு முறை உழைக்க வேண்டும். இத்தொல்லையைப் போக்க வந்ததே உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். இவற்றுள் புகழ்பெற்றது 'வேர்ட்பிரஸ்'. 2003ஆம் ஆண்டு மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் இதை வெளியிட்டனர். இன்று உலகின் வலைத்தளங்களில் பத்தில் நான்கு இதனால் இயங்குகின்றன. இதற்கு விலை இல்லை. இதில் எழுத்துகள் ஒரு தரவுத்தளத்திலும், பக்கத்தின் தோற்றம் 'தீம்' என்னும் வேறோர் இடத்திலும் இருக்கும். ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். தீமை மாற்றினால் எல்லாப் பக்கங்களின் தோற்றமும் ஒரே நொடியில் மாறிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நம் ஆண்டு மலருக்கு மாணவியர் எழுதுகிறோம், தமிழாசிரியை திருத்துகிறார், தலைமைச் சகோதரி ஒப்புதல் தருகிறார். வேர்ட்பிரஸிலும் அப்படியே. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. பதிப்பாசிரியர் திருத்தி வெளியிடலாம். அனைத்தையும் மாற்றும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே. ஆகவே எல்லோருக்கும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுப்பது, பள்ளியின் சாவிக் கொத்தை வகுப்பு முழுவதும் சுற்றுக்கு விடுவது போன்றது!

இனி அத்தையின் கதை. அத்தை வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்பவர். தெரிந்த இளைஞர் ஒருவர் அவருக்குத் தளம் அமைத்துக் கொடுத்தார். நல்லவர்தான், ஆனால் தளத்தின் பெயரையும், தளம் தங்கும் இடத்தையும் தம் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். இவை நமக்குச் சொந்தமல்ல. வீட்டு வாடகை போல ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். அவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றார். நினைவூட்டுக் கடிதங்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போயின. ஒரு நாள் அத்தை என்னிடம், "ஏத்தா, போன்ல நம்ம கடையவே காணோமே?" என்றார்.

தேடியதில், அவ்விளைஞர் முன்பு அத்தைக்கு அனுப்பியிருந்த ஏற்றுமதிக் கோப்பு ஒன்று கிடைத்தது. புதிய இடம் வாங்கி, பள்ளிக் கணினி ஆசிரியையின் உதவியோடு அதை ஏற்றினேன். எழுத்துகள் எல்லாம் வந்தன. படங்கள் இருந்த இடத்திலோ வெறும் கட்டங்கள்! படங்கள் தனிக் கோப்புறையில் இருக்கும் என்பதும், அந்தக் கோப்பில் அவற்றின் முகவரி மட்டுமே இருக்கும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனவே தோழியரே, காப்புப்பிரதி எடுக்கும்போது தரவுத்தளம், கோப்புறைகள் ஆகிய இரண்டையும் எடுங்கள். அதையும் தளம் இருக்கும் இடத்திலேயே வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

இப்போது தளப்பெயர் அத்தையின் பெயரிலேயே உள்ளது. புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் பிரதி எடுத்து, மென்பொருளைப் புதுப்பிக்கிறேன். தேவையற்ற செருகுநிரல்களை நீக்கிவிட்டேன். பழைய பூட்டைத் திறக்கத் திருடர் அறிந்திருப்பது போல, பழைய பதிப்பின் ஓட்டைகளையும் தீயோர் அறிந்திருப்பர் அல்லவா?

சேலைகளின் படங்களை மீண்டும் எடுத்துவிட்டோம். அத்தையின் மாமியார் திண்ணையில் அமர்ந்து சுங்குடி முடிச்சுப் போடும் படம் ஒன்று முகப்பில் இருந்தது. பாட்டி இப்போது இல்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் நீக்கவில்லை. உறவினர் எவருடைய கைப்பேசியிலாவது அப்படம் இருக்குமா என்று இன்னும் கேட்டு வருகிறோம்.