அளவு தவறாத வெட்டு

ஜொகூர் மாநிலத்தின் செனாய், தெப்ராவ், பாசிர் கூடாங் வட்டாரங்களில் உலோகத்தைச் செதுக்கி இயந்திரப் பாகங்களும் அச்சு வார்ப்புகளும் செய்யும் பட்டறைகள் உள்ளன. இத்தகைய பட்டறைகளின் முதன்மைக் கருவி, கணினிவழி எண் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரமாகும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், துளையிட்ட நாடாவிலிருந்து எண்களைப் படித்து இயங்கிய துருவல் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியது. இன்று அந்த எண்களைக் கணினி தருகிறது. ஆயினும், எண்ணைச் சரியாகக் கொடுக்க வேண்டிய பொறுப்பு மனிதனுடையதே.

பயிற்சி மாணவர் ஒருவர் 50 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுர அலுமினியப் பாகத்தைச் செய்கிறார் எனக் கொள்வோம். வரைபடத்திலுள்ள அளவுகளை அவர் அப்படியே செய்நிரலில் எழுதுகிறார். வெட்டும் கருவியின் விட்டம் 10 மில்லிமீட்டர். வேலை முடிந்து அளந்து பார்த்தால் பக்கம் 40 மில்லிமீட்டர்தான் இருக்கிறது! காரணம் என்ன? இயந்திரம் கருவியின் மையத்தையே கோட்டின்மீது நகர்த்துகிறது. எனவே, கருவியின் பாதி உடல் கோட்டுக்கு உள்ளே புகுந்து, ஒவ்வொரு பக்கத்திலும் 5 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது.

இப்பிழையைத் தவிர்க்கும் வழியே கருவி ஆர ஈடுசெய்தல். ஜி41 என்னும் கட்டளை, கருவியைப் பாதைக்கு இடப்புறம் விலக்குகிறது. ஜி42 வலப்புறம் விலக்குகிறது. ஜி40 அவ்விலகலை நீக்குகிறது. இடமா வலமா என்ற ஐயம் எழுந்தால், கருவியின் பின்னால் அது செல்லும் திசையிலேயே நாம் நடந்து போவதாக எண்ணிப் பார்க்க வேண்டும். பாகத்தின் வெளிவிளிம்பைக் கடிகார முள் திசையில் சுற்றினால், நம் இடக்கைப் பக்கம் பாகத்துக்கு வெளியே இருக்கும். ஆகவே, அங்கு ஜி41 பொருந்தும். எவ்வளவு விலக வேண்டும் என்பதை, டி என்ற எழுத்தோடு வரும் எண் குறிக்கும் அட்டவணை மதிப்பு சொல்லும். அம்மதிப்பு ஆரமா விட்டமா என்பது இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. அதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதன் பயன் பெரிது. சாணை பிடித்த கருவியின் விட்டம் 9.90 மில்லிமீட்டராகக் குறைந்தால், ஆரத்தை 4.95 என மாற்றினால் போதும். செய்நிரலைத் திருத்த வேண்டியதில்லை. மாற்றாமல் விட்டாலோ பாகம் 50.10 மில்லிமீட்டராகப் பருத்துவிடும்.

எனினும், சில விதிகளை மறக்கலாகாது. முதலாவதாக, ஈடுசெய்தலைப் பாகத்தைத் தொடுவதற்கு முன்பே, நேர்கோட்டு நகர்வில் தொடங்க வேண்டும். அந்நகர்வு கருவியின் ஆரத்தைவிட நீளமாக இருப்பது நல்லது. வளைவில் தொடங்கினால் இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும். இரண்டாவதாக, உள்மூலையின் வளைவு ஆரத்தைவிடக் கருவியின் ஆரம் பெரிதாக இருக்கக்கூடாது. மூன்றாவதாக, மென்பொருள் ஏற்கெனவே ஆரத்தைக் கணக்கிட்டுப் பாதை அமைத்திருந்தால், அட்டவணையில் முழு ஆரத்தை மீண்டும் இடக்கூடாது. தேய்மான வேறுபாட்டை மட்டுமே இட வேண்டும். நான்காவதாக, பாகத்தை விட்டு விலகிய பின்னரே ஜி40 கொடுக்க வேண்டும்.

அனுபவமிக்கோர் உடனே இறுதி அளவுக்கு வெட்டுவதில்லை. ஆரத்தை 5.20 எனச் சற்றுக் கூட்டி வைத்து வெட்டுகின்றனர். பின்னர் அளக்கும்போது 50.46 மில்லிமீட்டர் கிடைத்தால், மிகுதி 0.46. அது இரு பக்கங்களுக்கும் உரியது. ஆகவே, ஒரு பக்கத்துக்கு 0.23. ஆர மதிப்பை 4.97 எனக் குறைத்து மறுபடி வெட்டினால் 50 மில்லிமீட்டர் கிடைக்கும். மிகுந்திருக்கும் உலோகத்தைக் குறைக்கலாம். குறைந்துபோனதைக் கூட்ட முடியாது.

எஸ்பிஎம் தேர்வுக்குப் பின், பத்து பகாட், பாசிர் கூடாங் ஆகிய இடங்களிலுள்ள அரசு பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் தொழில்நுட்பக் கல்வியைத் தொடரலாம். வகுப்பில் நாம் படிக்கும் ஆரமும் விட்டமும் பட்டறையில் உலோகமாக உருப்பெறுகின்றன. முதல் கோணல் முற்றும் கோணல் என்பர் பெரியோர். தொடக்கத்தில் இடும் ஓர் எண்ணைச் சரிபார்க்கும் பழக்கமே பொருள் வீணாவதையும் உழைப்பு வீணாவதையும் தடுக்கும்.