ஒரு பயணம், ஒரே கரு

சுற்றுலா போய் வந்தால் போன் நிறையப் படம். பாதிக்கு மேல் கோபுரத்துக்கு முன்னால் நாம் நிற்பதுதான். அடுத்த முறை ஒரே ஒரு கருவோடு கிளம்புங்கள். நீரில் விழும் பிம்பம் நல்ல தொடக்கம். கும்பகோணத்தில் மகாமகக் குளமும் இருக்கிறது, மழை விட்டதும் தெருவோரம் தேங்கும் தண்ணீரும் இருக்கிறது. (என் ஓட்டு தெருவோரத்துக்கே.)

போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி தாழ்த்துங்கள். கையகல நீரிலும் முழுக் கோபுரம் வந்துவிடும். மிதக்கும் வேப்பிலையைத் திரையில் தொட்டால் ஃபோகஸ் இலையிலேயே நின்று கோபுரம் மங்கிவிடும். பிம்பத்தின் மேலேயே விரலை வையுங்கள். வானம் வெளுத்தால், திரையில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள்.

காற்று எழுவதற்குள், காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்கள் நீரில் இரட்டிப்பாகத் தெரிய, முதல் படகில் ஏறுங்கள். போனுக்குக் கழுத்துக் கயிறு கட்டாயம்.

படித்துறையில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள்.