முகமறியா வணிகரும் விழிப்புள்ள நுகர்வோரும்

நுழையும்முன்

பொருளைத் தொட்டுப் பார்த்து, விற்பவரின் முகம் பார்த்து வாங்குவது பழைய கடைத்தெருவின் வழக்கம். இணையச் சந்தையில் பொருளும் படமாகவே தெரிகிறது. விற்பவரோ தெரிவதே இல்லை. இந்நிலையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி? ஏமாற்றப்பட்டால் யாரிடம் முறையிடுவது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

கடைத்தெருவும் கைப்பேசியும்

பெங்களூரின் பிரேசர் டவுன், மைசூர் மன்னரின் ஆசிரியராக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய பகுதி. புலிகேசி நகர் என்பது அதற்குப் பின்னர் வழங்கப்பட்ட பெயர். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் எனப் பல மொழிகளும் கலந்து ஒலிக்கும் பகுதி அது. அங்குள்ள பாத்திரக் கடை ஒன்றில் பிரஷர் குக்கர் வாங்குபவர், மூடியைப் பொருத்திப் பார்ப்பார். ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்ப்பார். விலையைக் குறைத்துக் கேட்பார். பழுது ஏற்பட்டால் மறுநாளே அக்கடையின் படியேறி நியாயம் கேட்பார். கடைக்காரரும் அதே தெருவில் தொடர்ந்து வணிகம் செய்ய வேண்டியவர். ஆதலால், வாங்கியவரின் மனக்குறையை அவர் எளிதில் புறக்கணிக்க இயலாது.

அதே குக்கரைக் கைப்பேசியில் வாங்கும்போது இந்தப் பிடிமானம் நழுவிவிடுகிறது. அவ்வணிகத்தில் பெரும்பாலும் மூவர் பங்கு பெறுகின்றனர். பொருளைக் காட்டிப் பணம் பெறுவது இணையத்தளம். பொருளுக்கு உரியவர் எங்கோ இருக்கும் விற்பனையாளர். அதனை வீட்டு வாசலில் சேர்ப்பவர் கூரியர் ஊழியர். தளத்தின் பெயரை நம்பியே மக்கள் வாங்குகின்றனர். விற்பனையாளரின் பெயரைப் பலர் படிப்பதே இல்லை. பழுதான பொருள் வந்து சேர்ந்தபின், விற்பனையாளர் தளத்தையும் தளம் விற்பனையாளரையும் சுட்டிக்காட்ட, வாங்கியவர் நடுவில் நின்று தவிக்கிறார்.

குக்கர் கற்பித்த பாடம்

தளம் வெறும் இடைத்தரகர்தானா, அதற்கும் பொறுப்பு உண்டா என்னும் வினா, ஒரு சமையலறைப் பொருளின் வழியாகவே நாடறிய எழுந்தது. தரமற்ற பிரஷர் குக்கர் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, வீட்டு உபயோகக் குக்கர்கள் இந்தியத் தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்றும் நடுவண் அரசு ஆணையிட்டது. அவ்வாணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் பின்னரும் தரநிலைக்கு உட்படாத குக்கர்கள் இணையத்தில் விற்பனையாயின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதனை விசாரித்தது. அமேசான் தளத்தின் வழியாக 2,265 குக்கர்களும், பெங்களூரில் 2007ஆம் ஆண்டு புத்தக விற்பனையுடன் தொடங்கப்பட்ட பிளிப்கார்ட் தளத்தின் வழியாக 598 குக்கர்களும் விற்கப்பட்டிருந்தன. 2022 ஆகஸ்டில் ஆணையம் இரு நிறுவனங்களுக்கும் தலா ரூ.1 லட்சம் அபராதம் விதித்தது. வாங்கியோர் அனைவருக்கும் செய்தி அறிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தருமாறும் ஆணையிட்டது. நிறுவனங்கள் அவ்வாணைகளை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின.

இங்கு ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. அந்த 2,265 குக்கர்களின் விற்பனையால் அமேசான் பெற்ற கட்டணம் மட்டும் ரூ.6 லட்சத்திற்கும் மேல். ஒவ்வொரு விற்பனையிலும் வருவாய் பெறும் தளம், தீங்கு நேரும்போது மட்டும் தனக்குத் தொடர்பில்லை என ஒதுங்க இயலாது என்பதே ஆணையத்தின் கருத்து. அபராதத் தொகை அவ்வருவாயைவிடச் சிறியது என்பதையும் மறத்தல் கூடாது. சட்டம் துணை நிற்கும்; ஆயினும், நுகர்வோரின் விழிப்பே முதற்காவல்.

சட்டம் தரும் உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதே மாதத்தில் மின்வணிக விதிகளும் வெளியாயின. அவ்விதிகளின்படி,

1. விற்பனையாளரின் வணிகப் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைத் தளம் வெளியிட வேண்டும்.
2. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும். அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும்.
3. பழுதான பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுத்தல் கூடாது.
4. வாங்குபவர்போல் நடித்து விற்பனையாளரோ தளமோ பொய்யான பாராட்டுரை எழுதுதல் கூடாது.

வாங்குமுன் காக்க

விலை வியப்பூட்டும் அளவிற்குக் குறைவாக இருந்தால், அங்கேயே சற்று நின்று சிந்தித்தல் நலம். ஒரே பொருளைப் பல விற்பனையாளர்கள் ஒரே பக்கத்தில் விற்பதுண்டு. ஆகையால், பொருளின் மதிப்பெண் வேறு, விற்பனையாளரின் மதிப்பெண் வேறு. இரண்டையும் பார்த்தல் வேண்டும். பாராட்டுகளை மட்டும் படித்து மகிழாமல், குறை கூறுவோர் எந்தக் குறையைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றனர் என நோக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் அடியில் உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டு அதன் உண்மையை அறியலாம். தளத்திற்கு வெளியே தனியாகப் பணம் அனுப்புமாறு விற்பனையாளர் கேட்டால் மறுத்துவிட வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்போரிடம் கூறுதல் கூடவே கூடாது.

வாங்கியபின் காக்க

விளம்பரப் பக்கத்தின் படம், விலைச்சீட்டு, உரையாடல்கள் ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். விலை மிகுந்த பொருளாயின், பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்தல் நன்று. பழுது தெரிந்தால், திருப்பித் தரும் காலவரம்பு கடக்குமுன் எழுத்து வடிவில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தளம் செவிசாய்க்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம்.

அதுவும் பயன் தராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருப்பினும், பிரேசர் டவுனில் வாழ்பவர் பெங்களூரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த விலை ரூ.5 லட்சத்திற்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். பணமோசடியாயின், காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

புலி முத்திரையும் இன்றைய முத்திரையும்

காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் பொருள்கள்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுங்கம் பெறும் பொருட்டு இடப்பட்ட முத்திரை அது. அவ்வூர் வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தனர் என்றும் அந்நூல் போற்றுகிறது. அரசின் முத்திரை ஒருபுறம், வணிகரின் நேர்மை மறுபுறம் என இரண்டும் இருந்தமையால் அச்சந்தை சிறந்தது. இன்றைய இணையச் சந்தைக்கு இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் தேவைப்படுகிறது. விற்பவரின் பெயரைப் படித்து, முத்திரையைச் சரிபார்த்து, தவறு கண்டால் துணிந்து கேட்கும் நுகர்வோரே அம்மூன்றாம் துணை.

சொல்லும் பொருளும்

நுகர்வோர் – பொருளையோ சேவையையோ விலை கொடுத்துப் பெற்றுப் பயன்படுத்துவோர்
இடைத்தரகர் – வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் நடுவில் நிற்பவர்
சுங்கம் – வணிகப் பொருள்கள்மீது அரசு பெறும் வரி

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக: முதற்காவல், கடைத்தெரு, வழக்கறிஞர்.

ஆ. சுருக்கமாக விடை தருக:
1. இணைய வணிகத்தில் பங்கு பெறும் மூவர் யாவர்?
2. குறைதீர் அலுவலரின் கடமைகள் யாவை?
3. பொருளின் மதிப்பெண்ணையும் விற்பனையாளரின் மதிப்பெண்ணையும் தனித்தனியே பார்ப்பது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக: பெற்ற வருவாயைவிட அபராதம் சிறியதாக இருந்தால், நிறுவனம் திருந்துமா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

ஈ. கடிதம் எழுதுக: இணையத்தில் வாங்கிய குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. அதனைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருமாறு, தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் பிரேசர் டவுனிலிருந்து ஒரு முறையீட்டுக் கடிதம் வரைக.

உ. செயல்பாடு: உங்கள் வீட்டுக் குக்கரில் உள்ள முத்திரையையும் உரிம எண்ணையும் பெற்றோரின் துணையுடன் சரிபார்த்து, கண்டதை வகுப்பில் பகிர்க.