இணைய வழிக் கிரிக்கெட்: படம் பிந்துவதும் நிற்பதும்

கிரிக்கெட் ஆட்டத்தைக் கைப்பேசியில் காண்போர் இரு குறைகளைக் கூறுவர். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் விக்கெட் வீழ்ந்து ஆரவாரம் அடங்கிய பின்னரே கைப்பேசியில் பந்து வீசப்படுகிறது என்பது ஒன்று. படம் உறைந்து நின்றுவிடுகிறது என்பது மற்றொன்று. முன்னது முறையின் இயல்பு. பின்னது பெரும்பாலும் நீக்கத்தக்கது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே புதிய கைப்பேசி வாங்கி ஏமாறுகின்றனர்.

செயற்கைக்கோள் வழியே வரும் அலை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் சென்று மீளக் கால் விநாடியே கொள்கிறது. இணையத்தில் நிகழ்வது வேறு. மைதானத்திலிருந்து வரும் படம் பல தரங்களில் சுருக்கப்பட்டு, சில விநாடி நீளமுள்ள துணுக்குகளாக நறுக்கப்படுகிறது. கைப்பேசி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்று, இரண்டு மூன்று துணுக்குகள் கையிருப்பில் சேர்ந்த பின்னரே காட்டத் தொடங்கும். துணுக்கு 6 விநாடி நீளமுடையதாயின், கையிருப்புக்கே 18 விநாடி ஆயிற்று. சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரம் தனி. ஆகவே அரை நிமிடம் பிந்துவதில் வியப்பில்லை. பார்ப்பவர் இதற்குச் செய்யத்தக்கது சிறிதே.

துணுக்கு வந்து சேருமுன் கையிருப்புத் தீர்ந்துபோவதே படம் உறைவதற்குக் காரணம். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஒரே வேளையில் 5.9 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் கண்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. வழங்கும் நிலையங்கள் இத்தகைய பாரத்தை எதிர்நோக்கி அமைக்கப்படுபவை. ஊர்க்கோடியிலுள்ள ஒற்றைக் கோபுரம் அவ்வாறன்று. அதன் கொள்திறனை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், அலைக்குறி முழுமையாகத் தெரிந்தும் வேகம் குன்றும். அவ்வேளையில் கைப்பேசி தானாகவே தாழ்ந்த தரத்துக்கு இறங்கும். ஆனால் உயர்ந்த தரத்தைத் தாமே தெரிந்து நிலைப்படுத்தியவர்க்கு இவ்வுதவி கிட்டாது. தரத்தைத் 'தானியங்கி' நிலையில் விடுவதே நன்று. விடுதியொன்றில் பத்துப் பேர் பத்துக் கைப்பேசிகளில் ஒரே ஆட்டத்தைக் கண்டால் கோபுரத்திலிருந்து பத்து மடங்கு இழுக்கப்படுகிறது. ஒரு கைப்பேசியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து அனைவரும் காண்பது எவ்வளவோ மேல்.

செலவுக் கணக்கை வகுப்பிலேயே செய்து காட்டலாம். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் வரும் படம் மணிக்கு 7,200 மெகாபிட், அதாவது 900 மெகாபைட் கொள்ளும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் பெறுபவருக்கு அது 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; இருபது ஓவர் ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் காண இயலாது. விநாடிக்கு அரை மெகாபிட் தரத்தைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் முழுவதும் முடிந்த பின்னும் மிச்சமிருக்கும். பந்து சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவே. அளவு கடவாதிருக்க விரும்புவோர் தானியங்கியை விடுத்து இத்தாழ்ந்த தரத்தையே நிலைப்படுத்துக.

எந்த ஆட்டம் எங்கே வரும் என்பதை முன்னாளே அறிதல் வேண்டும். உரிமை தொடருக்குத் தொடர் மாறுகிறது. 2025இல் இந்திய அணி இங்கிலாந்தில் ஆடிய தொடர் தொலைக்காட்சியில் சோனி நிலையங்களிலும், இணையத்தில் ஜியோஹாட்ஸ்டாரிலும் வந்தது. இதை அறியாது கடைசி நேரத்தில் தேடுவோரே 'இலவசம்' என்னும் கள்ளத் தளங்களில் சிக்குகின்றனர். அவை நீதிமன்ற ஆணையால் முடக்கப்படுந்தோறும் முகவரியை மாற்றிக்கொள்வன; ஆட்டத்தின் நடுவில் மறைவன. அதனினும் கொடிது, படம் தெரிய வேண்டுமாயின் ஒரு செயலியை நிறுவுக என அவை கேட்பதாகும். அச்செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு பெற்றுவிட்டால், வங்கியிலிருந்து வரும் கடவு எண்ணும் அதன் கைக்குச் செல்லும். சம்பளக் கணக்கு இணைந்த கைப்பேசியில் இதனை ஒருபோதும் நிறுவலாகாது.

இணையம் நலிந்த இடங்களில் பணிபுரிவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உடையனவாக மைய அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்தல் வேண்டும். அவை மாதக் கட்டணமற்ற டிடி ஃப்ரீ டிஷ் வழியே வருகின்றன. எல்லா ஆட்டங்களும் இதில் அடங்கா. அடங்கும் நாளில், அப்பெட்டியையும் கைப்பேசியையும் அருகருகே வைத்து, ஒரே பந்து இரண்டிலும் தோன்றும் இடைவெளியை மாணாக்கர் கடிகாரங்கொண்டு அளக்கலாம். ஐந்தாறு பந்துகளை அளந்து சராசரி காண்க. ஓர் அளவை மட்டும் நம்பலாகாது.